சோலி கேட்டு வந்தவர்

அந்த அக்கா கதவைத் தட்டமாட்டார். தட்டினால், நான் வந்து திறக்கிற வரைக்கும் சும்மா நிற்க வேண்டும். அது அவரால் ஆகாது. தாழ்ப்பாளை அவரே நீக்கி, பாதி உடம்பை உள்ளே விட்டு, "ஏனம்மணி, எதாச்சும் சோலி இருக்குதா?" என்பார். சோலி என்றால் எங்கள் பக்கத்தில் வேலை. கணவர் சொந்தமாகப் பட்டறை வைத்திருக்கிறார், வீட்டில் வாஷிங் மெஷின் இருக்கிறது, யார் வீட்டு வாசலுக்கும் போய் நிற்க வேண்டிய நிலைமை இல்லை. அப்படிப்பட்ட ஒரு பெண்மணி மாதத்தில் ஒரு வாரம் எங்கள் லைன் வீட்டில் கதவு கதவாக வேலை கேட்டு வருவார். கூலி கிடையாது. காபி கொடுத்தால் குடிப்பார், அந்த டம்ளரையும் கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் போவார்.

அவர் பெயரைச் சொல்லப்போவதில்லை. இப்போது கிணத்துக்கடவுப் பக்கம் குடிபோய்விட்டார்கள். அங்கே யாருக்கும் இதெல்லாம் தெரியாது. தெரியவும் வேண்டாம்.

சிங்காநல்லூரில் குளத்துக்குப் போகிற ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால் எங்கள் லைன். ஐந்து வீடுகள் ஒரே வரிசை, எதிரே பொதுவாக ஒரு வாசல், ஒரு துவைக்கிற கல், ஒரு மோட்டார். மோட்டாரைப் போட்டது யார், நிறுத்தாமல் போனது யார் என்று தினமும் ஒரு சண்டை. என் வீடு மூன்றாவது, அவருடையது நான்காவது. எனக்கு அப்போது ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர் வேலை. இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகள். கணவர் மருந்துக் கம்பெனிப் பையைத் தூக்கிக்கொண்டு வாரத்தில் பாதி நாள் வெளியூரில் இருப்பார். அக்காவுக்குக் கல்யாணமாகிப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. குழந்தை இல்லை.

மாதவிலக்கு நாள் நெருங்கும் வாரம்தான் அவர் சோலி கேட்டு வருகிற வாரம். விலக்கு வந்துவிட்டால் அந்த மாதமும் போயிற்று. வராமல் தள்ளிப்போனால் ஒருவேளை இருக்கலாம். அந்த ஒருவேளையை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்க அவருக்குத் தெரியவில்லை.

"கையிக்கு ஒண்ணும் குடுக்கலீன்னா அது வயித்தத் தொட்டுத் தொட்டுப் பாக்குதம்மணி. அதுக்குத்தான்," என்று ஒரு முறை சொன்னார். வேறு விளக்கம் எதுவும் அவர் சொன்னதில்லை. நானும் கேட்கவில்லை.

முதலில் தன் வீட்டில்தான் தொடங்குவார். ஒட்டடை, ஜன்னல் கம்பி, மின்விசிறி இறக்கை, மிக்ஸியின் அடிப்பக்கம், ஸ்விட்ச் போர்டின் இடுக்கு. இரண்டே நாளில் தீர்ந்துவிடும். இரண்டு பேர் இருக்கிற வீட்டில் எவ்வளவுதான் அழுக்கு சேரும்? அழுக்குப் பண்ணவும் ஆள் வேண்டுமே. அதற்குப் பிறகு கணவருடைய சாமான்களுக்குப் போவார். ஒரு முறை பட்டறையிலிருந்து வந்த ஸ்பேனர்களையெல்லாம் பாத்திரம் கழுவுகிற சோப்பைப் போட்டுத் தேய்த்துப் பளபளவென்று வெயிலில் காய வைத்துவிட்டார். எண்ணெய்ப் பசை போன இரும்பு, இரண்டு நாளில் செங்கல் நிறத்துக்கு வந்துவிட்டது. அந்த அண்ணன் அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பரவால்ல, உடு," என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் எப்போதுமே அதிகம் பேசுகிறவர் இல்லை. ஆனால் அன்று பேசாமல் இருந்தது வேறு மாதிரி என்று எனக்குத் தெரிந்தது.

பிறகுதான் எங்கள் முறை. எனக்கு அவர்மேல் பிரியம் உண்டு என்று இப்போது சொல்கிறேன். அப்போது பல நாள் எரிச்சல்தான். பள்ளியில் நாற்பது குழந்தைகளோடு கத்திவிட்டு வீட்டுக்கு வந்தால், என் சமையல் மேடையில் டப்பாக்கள் எல்லாம் உயர வரிசையில் நின்றன. மகளைப் பள்ளியிலிருந்து கூட்டிவர அக்காவிடம் சாவி கொடுத்திருந்தேன், அதன் பலன். எண்ணெய் காய்ந்து புகைகிறது, கடுகைக் காணோம்.

"ஏனுங்க்கா, கடுகு எங்கீங்க?" என்று சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கும்படி கத்தினேன்.

"உசர வரிசையில வெச்சா பாக்க நல்லா இருக்குதுல்ல?" என்று பதில் வந்தது.

பார்க்க நன்றாகத்தான் இருந்தது. கடுகு கடைசியில் காபித்தூள் டப்பாவுக்குப் பின்னால் இருந்தது. அதைக் கண்டுபிடிப்பதற்குள் எண்ணெய் கருகிவிட்டதால் அன்று ராத்திரி ரசத்துக்குத் தாளிக்கவில்லை. என் கணவர் போனில், "உனக்குப் பைசா வாங்காத வேலைக்காரம்மா கிடைச்சிருக்காங்க, கொடுத்து வெச்சவள்," என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவருக்கு என்ன, கடுகு தேடியது நான்.

இன்னொரு வாரம் வந்து, நான் பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்ததைப் பார்த்தார். "டிக் அடிக்கறதுதானே? குடு கண்ணு, நானும் நாலு அடிக்கறேன்," என்று கை நீட்டினார். ஒருவழியாகச் சமாதானம் சொல்லி, மார்க்குகளைக் கூட்டிப் போடுகிற வேலையை மட்டும் கொடுத்தேன். கூட்டும்போது எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒன்றிரண்டு தாராளமாகவே விழுந்தது. கேட்டதற்கு, "அட, பாவம் உடு," என்றார்.

நல்லது ஒன்று உண்டென்றால் அது சின்ன வெங்காயம். எங்கள் பக்கத்தில் அரிசிம்பருப்பு சாதத்துக்குச் சின்ன வெங்காயம் கை நிறைய வேண்டும். அதை உரிக்க வேண்டுமே என்று மலைத்துப் போய்ப் பாதிப் பேர் உப்புமாவுக்கு இறங்கிவிடுவோம். அக்காவின் அந்த வாரத்தில் லைனில் ஐந்து வீட்டுக்கும் வெங்காயம் உரித்து, பூண்டு உரித்து, கிண்ணம் கிண்ணமாக வந்து சேரும். ஐந்து வீட்டிலும் அரிசிம்பருப்பு மணக்கும். வெங்காயம் உரிப்பது அழுகையை மறைக்க என்று நீங்கள் நினைத்தால் அது சினிமா. அவர் அழுது நான் பார்த்ததேயில்லை. வெங்காயம் சின்னதாக இருக்கிறது, நிறைய இருக்கிறது, சீக்கிரம் தீராது. அவருக்கு அதுதான் பிடித்திருந்தது.

பிறகு ஒரு காலையில் அவர் வரமாட்டார். கதவு சாத்தியிருக்கும். உள்ளே டி.வி. ஓடும், யாரும் பார்க்காத டி.வி. என்று சத்தத்திலேயே தெரியும். வேலை கேட்டு வராத நாளில்தான் எங்களுக்குத் தெரியும், இந்த மாதமும் இல்லை. இரண்டு நாள் கழித்து வெளியே வந்து, மோட்டாரை யார் நிறுத்தவில்லை என்று எல்லாரையும் போலவே சண்டை போடுவார். எங்கள் லைனில் யார் வீட்டு வம்பையும் விடமாட்டோம். அந்த ஒன்றை மட்டும் யாரும் வாயில் எடுத்ததில்லை.

கடைக்காரருக்கு அதெல்லாம் தெரியாதே. ஒரு வாரம், லைன் முழுவதற்கும் சாம்பார்ப் பொடி அரைத்துத் தருவதாகக் கிளம்பி, மளிகைக் கடையில் மிளகாயும் மல்லியும் மூட்டை போல வாங்கியிருக்கிறார். கடைக்காரர் எடை போட்டுக்கொண்டே, "ஏனுங்க, ஊட்டுல விசேஷமுங்களா?" என்று கேட்டிருக்கிறார். அவர் கேட்டது கல்யாணம், காதுகுத்து மாதிரி விசேஷத்தை. பத்து வருஷமாக 'ஏதாச்சும் விசேஷம் உண்டா' என்ற கேள்வியையே கேட்டுப் பழகிய காதில் அது வேறு மாதிரி விழுந்துவிட்டது. இவரும் குனிந்த தலை நிமிராமல், "இன்னும் தெரியலீங்க. அடுத்த வாரந்தான் தெரியுமுங்க," என்று சொல்லியிருக்கிறார்.

"அட, தேதி இன்னும் குறிக்கலீங்களா? முகூர்த்த மாசமுங்க. மண்டபத்துக்கு இப்பவே சொல்லி வெச்சரோணுமுங்க."

"மண்டபமெல்லாம் எதுக்குங்க? இன்னும் டாக்டரம்மாகிட்டயே போகலீங்களே."

"டாக்டரம்மாவா முகூர்த்தம் குறிச்சுக் குடுக்கறாங்க?" என்று கடைக்காரர் வாயைப் பிளந்தபோதுதான் இவருக்கு விளங்கியிருக்கிறது. மல்லி மூட்டையைக் கடையிலேயே போட்டுவிட்டு வந்துவிட்டார். என் வீட்டுக்குள் வந்து இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்து முடிந்ததும் நான்தான் போய் மல்லியை வாங்கி வந்தேன்.

அவருடைய சளியைப் பற்றியும் சொல்ல வேண்டும். வருஷம் பூராவும் அவருக்கு மூக்கடைப்பு. காரணம் நாங்கள்தான், அதாவது பெண்கள். செவ்வாய், வெள்ளியில் தலைக்குக் குளித்தால் அது வழக்கம். புதன்கிழமையோ வியாழக்கிழமையோ காலையில் ஒருத்தி தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வாசலுக்கு வந்தால், அவளுக்கு என்ன ஆயிற்று என்று சொல்லவே வேண்டாம். மாமியார், நாத்தனார், பக்கத்து வீடு, பால் ஊற்ற வருகிறவர் வரைக்கும் தெரிந்துவிடும். கர்ப்பமானவளை முழுகாமல் இருக்கிறாள் என்றே சொல்கிற ஊர். அக்கா புகுந்த வீட்டில் இருந்த காலத்தில், காலையில் எழுந்ததும் எல்லாருடைய கண்ணும் முதலில் அவர் தலைமுடிக்குத்தான் போகுமாம்.

"ஆரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க அம்மணி. தலைய ஒரு பார்வை பாப்பாங்க, அப்பறம் சட்டியப் பாப்பாங்க. அந்தப் பார்வைக்கு நேராக் கேட்டுப்போட்டா தேவலைன்னு இருக்கும்."

அதற்கு அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். தினமும் தலைக்குத் தண்ணி வாத்துக்கொள்ள ஆரம்பித்தார். மழை, பனி, மார்கழி எதுவும் பார்க்கவில்லை. தினமும் ஈரத்தலை என்றால் எந்த ஈரத்தைப் பார்த்து என்ன கண்டுபிடிப்பார்கள்? அப்படியே பழகி, தனிக்குடித்தனம் வந்த பிறகும் நிறுத்தவில்லை. தும்மிக்கொண்டே துண்டைச் சுற்றிக்கொண்டு நிற்பார். காது மூக்கு டாக்டர், "தினமும் எதுக்கும்மா தலைக்குக் குளிக்கறீங்க?" என்று கேட்டதற்கு, "அது ஒரு வேண்டுதலுங்க," என்று சொல்லியிருக்கிறார். எனக்கு அந்த ஆளின் கெட்டிக்காரத்தனத்தை நினைத்தால் பெருமையாகவும் இருக்கும், அதற்கு அவர் கொடுத்த விலையை நினைத்தால் வயிறும் எரியும்.

அவர் லைனுக்கு வந்து மூன்றாவது வருஷம் என்று நினைக்கிறேன், எனக்கு நாள் தள்ளிப்போயிற்று.

எனக்கு வேண்டாம். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. மகளைப் பெற்ற பிறகு ஐந்து வருஷம் வீட்டோடு கிடந்து, கெஞ்சிக் கூத்தாடி வேலைக்குத் திரும்பி இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. உடம்பில் தெம்பு இல்லை. ராத்திரி ஒரு முழுத் தூக்கம் கிடைத்தால் போதும் என்று ஏங்கிக்கொண்டிருந்த நேரம். கிட் வாங்கிப் பார்க்கப் பயம். கணவர் ஊரில் இல்லை. இருந்தாலும் அவர், "இருந்தா இருக்கட்டும், பாத்துக்கலாம்," என்பார். பார்த்துக்கொள்ளப் போவது யார் என்று எனக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கேஸ் அடுப்பைக் கழற்றித் தரையில் போட்டுக்கொண்டு, பர்னரின் ஓட்டைகளை ஒவ்வொன்றாக ஊசியால் குத்திக்கொண்டிருந்தேன். அக்கா வந்தார். பாதி உடம்பு உள்ளே வந்தது. வழக்கமான கேள்வி வரவில்லை. கொஞ்ச நேரம் என் கையையே பார்த்தார்.

"ஏனம்மணி, உனக்கு நாள் தள்ளிப்போச்சா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உங்களுக்கு எப்புடித் தெரியுமுங்க?"

"பர்னர் ஓட்டைய ஊசியில குத்தறது என்னோட சோலி கண்ணு. நல்லா இருக்கறவங்க ஆரும் அதைச் செய்யமாட்டாங்க."

பிறகு கேட்டார், "வேணுமா, வேண்டாமா?"

என் அம்மா இதைக் கேட்டிருக்கமாட்டார், கணவர் கேட்டிருக்கமாட்டார். பத்து வருஷமாகக் கிடைக்காமல் நிற்கிறவர் கேட்கிறார். நான் பர்னரைப் பார்த்துக்கொண்டே, "வேண்டாங்க்கா," என்றேன். சொன்ன பிறகு நிமிர்ந்து பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவர் எழுந்து போய்விடுவார் என்றே எதிர்பார்த்தேன்.

அவர் என் பக்கத்தில் கீழே உட்கார்ந்தார். தன் ஜாக்கெட்டில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி, இன்னொரு பர்னரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"வேண்டாங்கறவங்களுக்கும் இதே நோவுதானா?" என்றார், ரொம்ப ஆச்சரியமாக. "இத்தன நாளு எனக்கு மட்டுந்தான்னு இருந்தேன்."

அவருக்கும் அதே வாரம்தான். ஒருத்திக்கு விலக்கு வந்தாக வேண்டும், ஒருத்திக்கு வரக்கூடாது. இரண்டு பேரும் உட்கார்ந்து ஓட்டை குத்தினோம். அந்த மூன்று நாளும் இப்படியே போனது. நான் பள்ளியிலிருந்து வந்ததும் அவர் வந்துவிடுவார். மகளின் ஷூவை வெள்ளையடித்தோம், தலையணைப் பஞ்சைப் பிரித்து உதறினோம், பழைய சீப்பையெல்லாம் ஊறவைத்துத் தேய்த்தோம். எனக்கு அந்த மூன்று நாளில்தான் அவர் செய்கிறது என்ன என்று உடம்பில் புரிந்தது. வேலை செய்கிறபோது பயம் போய்விடவில்லை. அது பக்கத்தில் உட்கார்ந்திருந்தது, அவ்வளவுதான். மேலே ஏறி உட்காரவில்லை.

புதன்கிழமை விடியும்போது எனக்கு வந்துவிட்டது. தலைக்குக் குளித்துவிட்டு, துண்டைச் சுற்றிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். பள்ளிக்கு நேரமாகிவிட்டது, தலையை மறைக்க நேரமில்லை. அக்கா துவைக்கிற கல்லருகே நின்றிருந்தார். என் தலையைப் பார்த்தார்.

"ஆச்சா?"

"ஆச்சுங்க்கா."

"நல்லதாப் போச்சு கண்ணு," என்றார். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை, குரலில் ஒரு குறை இல்லை. நிஜமாகவே எனக்காகச் சந்தோஷப்பட்டார்.

மறுநாள் அவர் கதவு சாத்தியிருந்தது. உள்ளே டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. எனக்குக் கிடைத்த அதே பதில்தான் அவருக்கும் கிடைத்திருந்தது. நான் முந்தின நாள் சாயங்காலம் அந்தப் பதிலைக் கொண்டாடிக் காபி போட்டுக் குடித்திருந்தேன்.

அடுத்த வருஷம் அவர்கள் பெரிய வைத்தியத்துக்குப் போனார்கள். கருவை வெளியே உண்டாக்கி உள்ளே வைக்கிற வைத்தியம். ஊசி, மாத்திரை, வாரம் தவறாமல் ஸ்கேன் என்று மாதக்கணக்கில் அலைச்சல். இந்த ஒரு தடவைதான், ஆகாவிட்டால் விட்டுவிடுவது என்று இரண்டு பேரும் பேசி வைத்திருந்தார்கள். அக்கா என்னிடம் இதைச் சொன்னபோது குரலில் வருத்தம்கூட இல்லை. அலுத்துப்போன ஆளின் குரல்தான் இருந்தது. "ஆனாலுஞ் சரி, ஆகாட்டியுஞ் சரி. எனக்கு இந்தப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கறது போதும் அம்மணி."

கருவை வைத்த பிறகு இரண்டு வாரம் பொறுத்து ரத்தப் பரிசோதனை. கனமாக எதையும் தூக்க வேண்டாம், மற்றபடி நடமாடலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். டாக்டர் சொன்னால் ஆயிற்றா? வெள்ளகோவிலிலிருந்து மாமியார் பஸ் ஏறி வந்துவிட்டார். வந்ததும் விளக்குமாற்றைப் பிடுங்கி ஒளித்து வைத்தார். கட்டிலை விட்டு இறங்கக்கூடாது என்று உத்தரவு. கதவருகே பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் காவலுக்கு உட்கார்ந்துவிட்டார்.

ஐந்தாவது வீட்டு அம்மா ஒருநாள், "கடையில கிட் விக்குதுல்லீங்க? ரெண்டு நாளு முன்னாடியே தெரிஞ்சுக்கலாமே," என்று யோசனை சொன்னார். அக்கா கட்டிலில் படுத்தபடியே, "முன்னாடியே தெரிஞ்சு என்ன பண்றதுங்க? இல்லீன்னு வந்துச்சுன்னா அந்த ரெண்டு நாளும் நட்டந்தானுங்க," என்றார்.

எனக்கு ஜன்னல் வழியாக அழைப்பு வரும். நான் பள்ளிக்குக் கிளம்பும்போது கம்பிக்குப் பின்னால் மூக்கடைத்த குரலில், "கண்ணு, நாலு வெங்காயம் குடுத்துட்டுப் போ," என்பார். ஜெயிலில் இருக்கிறவருக்குப் பீடி கடத்துகிற மாதிரி, மாமியார் குளிக்கப் போகும் நேரம் பார்த்து, பேப்பரில் சுற்றிச் சின்ன வெங்காயத்தைக் கம்பி வழியாகக் கொடுத்துவிட்டுப் போவேன்.

கையும் களவுமாகப் பிடிபட்டது ஒரு மத்தியானம். நானும் அங்கே இருந்தேன். படுக்கையை உதறிப் போடலாம் என்று மாமியார் தலையணையைத் தூக்கினார். கீழே ஒரு கூடை வெங்காயத் தோல்.

"ஏஞ்சாமி, என்ன இத்தன தோலு? தலகாணிக்கு அடியில கோழியா அடகாக்குது?" என்று சத்தம் போட்டார்.

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. வாயை மூடிக்கொண்டார். அக்கா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தார். மாமியார் தோலையெல்லாம் முந்தானையில் வாரினார், கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார், மருமகள் போர்வைக்குள் மறைத்து வைத்திருந்த வெங்காயக் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"நானும் ரெண்டு உரிக்கறேன், குடு. எனக்கும் கையி நிக்க மாட்டீங்குது," என்றார்.

அதற்குப் பிறகு வெங்காயம் கதவு வழியாகவே போயிற்று.

ரத்தம் கொடுத்த நாள் சனிக்கிழமை. எனக்கு விடுமுறை. காலையிலேயே போய்க் கொடுத்துவிட்டு வந்துவிட்டார்கள். பதிலை ஆஸ்பத்திரியிலிருந்து போனில் சொல்வார்களாம். அண்ணன் வீட்டில் நிற்கவில்லை, பட்டறைக்குப் போய்விட்டார். அவருக்குப் பட்டறை இருக்கிறது. நான் வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். காதெல்லாம் நான்காவது வீட்டில். ஐந்து வீட்டிலும் குக்கர் விசில்கூட வரவில்லை, எல்லாரும் அடுப்பைச் சின்னதாக வைத்துக்கொண்டு நின்றிருப்பார்கள்.

போன் அடித்தது. "ம்" என்ற குரல் கேட்டது. இன்னும் இரண்டு "ம்". "சரிங்க." அவ்வளவுதான். அழுகையும் இல்லை, கூப்பாடும் இல்லை. ஈரத்துணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முடிந்தது என்று நினைத்தேன். பத்து வருஷம் ஒரு "சரிங்க"வில் முடிந்தது என்று நினைத்துக்கொண்டு உள்ளே போனேன்.

அக்கா கட்டில் நுனியில் உட்கார்ந்திருந்தார். போன் பக்கத்தில் கிடந்தது. கை இரண்டும் மடியில். மாமியார் சுவரோடு ஒட்டி நின்று, "என்னன்னு சொல்ல மாட்டீங்கறாளே," என்று என்னைப் பார்த்தார்.

"அக்கா?"

"இருக்குதாமா," என்றார்.

மாமியார் அப்படியே தரையில் சரிந்து உட்கார்ந்து, குலதெய்வத்தின் பெயரைச் சொல்லி ஓவென்று அழ ஆரம்பித்தார். எனக்கும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அக்கா மட்டும் அசையவில்லை.

"திங்கக்கெழம மறுக்கா ரத்தங் குடுக்கோணுமாமா. அளவு ஏறுதான்னு பாப்பாங்களாமா. அப்பறம் ஸ்கேன்ல துடிப்புத் தெரியோணுமாமா. அது தெரிஞ்சாத்தான் உறுதியாமா. அதுவரைக்கும் ஆருகிட்டயும் சொல்லிக்க வேண்டாங்கறாங்க." மூச்சு வாங்கிக்கொண்டார். "பரிச்ச பாஸாயிட்டா லீவு உட்டுருவாங்கன்னு பாத்தேன் டீச்சரம்மா. மறுக்கா பரிச்சைங்கறாங்க."

அந்த முகத்தை நான் மறக்கமாட்டேன். சந்தோஷம் வந்து வாசலில் நிற்கிறது, எழுந்து போய் உள்ளே கூப்பிட அவரிடம் தெம்பு இல்லை.

"அதுவரைக்கும் நான் என்ன பண்றது கண்ணு?" என்று கேட்டார். நிஜமாகவே பதில் தெரியாமல் கேட்டார்.

நான் சுற்றிப் பார்த்தேன். அந்த வீட்டில் துடைக்க ஒரு தூசி இல்லை. மாமியாரும் மருமகளுமாக உரித்து, லைனில் ஒரு முழு வெங்காயம் பாக்கியில்லை. தைரியமாக இருங்கள் என்று சொல்லலாம், கடவுள் இருக்கிறார் என்று சொல்லலாம். இரண்டையும் பத்து வருஷமாக அவருக்கு எல்லாரும் சொல்லிவிட்டார்கள். நான் என் வீட்டுக்குப் போனேன். பீரோவைத் திறந்தேன். என் சேலைகள், கணவரின் சட்டைகள், மகளின் பாவாடைகள், போர்வைகள், எல்லாவற்றையும் தட்டுத் தட்டாக இழுத்துத் தரையில் போட்டேன். ஒவ்வொன்றாக உதறிக் கசக்கினேன். இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டு போய் அவர் கட்டிலில் கொட்டினேன்.

"இதெல்லாம் மடிக்கோணுங்க்கா," என்றேன்.

அக்கா மேலே கிடந்த சேலையை எடுத்தார். விரலால் நீவிப் பார்த்தார்.

"இது மடிச்ச சீலையாச்சே அம்மணி. மடிப்புக்கோடு அப்படியே இருக்குது."

"நல்லா மடிக்கலீங்க்கா."

என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் வேறு பக்கம் பார்க்கவில்லை. பிறகு சேலையின் ஒரு நுனியைத் தேடி எடுத்து, தரையில் அழுதுகொண்டிருந்த மாமியாரிடம் நீட்டினார். "அத்தை, அந்தப் பக்கம் புடிங்க." அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்து பிடித்தார்.

எல்லாவற்றையும் மடித்து முடிக்கச் சாயங்காலம் ஆகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் மறுபடியும் பீரோவைத் திறந்து எல்லாவற்றையும் இழுத்துப் போட்டேன். ஸ்கேனில் துடிப்புத் தெரிந்த நாள் வரைக்கும் என் வீட்டுத் துணி ஒன்றுகூட ஒரு நாள் முழுதாக மடிப்பில் இருக்கவில்லை.